பதினான்கு நாற்காலி, இரண்டு பந்தி

நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதியில் ஒரு பழைய வீட்டுக் கட்டடத்தில் 'ஆட்டோமிக்ஸ்' என்ற கொரிய உணவகம் நடந்து வருகிறது. 2018ஆம் ஆண்டில் ஜங்ஹ்யுன் பார்க், எலியா பார்க் என்ற கொரியத் தம்பதியர் தொடங்கியது. சமையல் கணவர் பொறுப்பு. நிர்வாகமும் உபசரிப்பும் மனைவி பொறுப்பு. கீழ்த்தளத்தில் லாடம் போல் வளைந்த ஒரே மேசை. அதைச் சுற்றி 14 நாற்காலிகள். மேல்தளத்தில் சிறிய மதுக்கூடம் ஒன்று தனி. இவ்வளவுதான் கடை. இந்தச் சிறிய கடை 2019இல் மிஷலின் கையேட்டின் இரண்டு நட்சத்திரங்களைப் பெற்றது. 2025இல் வட அமெரிக்காவின் 50 சிறந்த உணவகங்கள் என்று ஒரு பட்டியல் முதன்முறையாக வந்தபோது அதில் முதலிடமும் இதற்கே கிடைத்தது.

'மளிகைக் கடைக்காரனுக்கு இதில் என்ன வேலை?' என்று வணிக நண்பர்கள் கேட்கலாம். அங்கே பரிமாறும் பண்டம் நமக்கு வேண்டாம். பத்தடிக்குப் பன்னிரண்டடி இடத்தில் கடை வைத்திருக்கும் நாம், இடத்தைப் பெரிதாக்காமல் ஒருவர் எப்படி வியாபாரத்தைப் பெரிதாக்கினார் என்று பார்ப்பது நல்லது.

அங்கே சாப்பிடப் போகிறவர் இடம் பிடிக்கும்போதே சாப்பாட்டுப் பணத்தைக் கட்டிவிட வேண்டும். தொடங்கிய ஆண்டில் ஒருவருக்கு 175 டாலர், குடிபானம் தனி. என்ன வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. அன்றைய சாப்பாடு என்று ஒன்று உண்டு, பத்து வகைக்குக் குறையாமல் ஒவ்வொன்றாக வரும். உட்கார்ந்ததும் ஒரு பெட்டியில் பல விதமான சாப்பாட்டுக் குச்சிகளைக் கொண்டுவந்து, பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். வாடிக்கையாளர் தாமே தேர்ந்தெடுப்பது ஏறக்குறைய அது ஒன்றுதான்!

ஒரு மாலையில் இரண்டு பந்தி என்றால் 28 பேர். காலையில் சந்தைக்குப் போகும்போதே 28 துண்டு மீன் போதும் என்று தெரியும். இந்தத் 'தெரியும்' என்ற சொல்லுக்குள் எவ்வளவு லாபம் இருக்கிறது என்பதை நம் ஊர்க் கணக்கில் போட்டுப் பார்ப்போம். ஒரு மெஸ்ஸில் சாப்பாடு 80 ரூபாய், அடக்கம் 60 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 பேருக்குச் சமைக்கிறார், செலவு 3,600. வந்தது 45 பேர், வரவு 3,600. நாளெல்லாம் அடுப்படியில் நின்றதற்கு மிச்சம் சுழி. சாப்பாட்டுக்கு 20 ரூபாய் லாபம் என்று அவர் எண்ணியிருந்தாரே, அந்த லாபம் முழுவதும் மீந்துபோன 15 சாப்பாட்டோடு குப்பைக்குப் போய்விட்டது. இட்லி மாவு, கீரை, பால், ரொட்டி விற்கும் கடைக்காரருக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

முன்பணம் வாங்கும் இந்த ஏற்பாட்டைச் சாப்பாட்டுத் தொழிலில் பெரிய அளவில் செய்து காட்டியவர் சிகாகோ நகரின் நிக் கோகோனஸ். நிதிச் சந்தையில் ஒப்பந்த வியாபாரம் செய்துவிட்டு உணவகத் தொழிலுக்கு வந்தவர். 2011இல் 'நெக்ஸ்ட்' என்ற உணவகத்தைத் திறந்தபோது, நாடகத்துக்கு விற்பது போலச் சாப்பாட்டுக்கு டிக்கெட் விற்றார். சொல்லிவிட்டு வராமல் போகிறவர்களால் ஏற்படும் நஷ்டம் நின்றது. அதைவிட முக்கியமான இன்னொன்றையும் செய்தார். முன்னதாகக் கைக்கு வந்த பணத்தை இறைச்சி வியாபாரிக்கு முன்பணமாகக் கொடுத்து, அடக்க விலையைக் குறைத்து வாங்கினார். கடனுக்கு வாங்குகிறவருக்கு ஒரு விலை, ரொக்கத்துக்கு ஒரு விலை, முன்பணத்துக்கு ஒரு விலை என்பது மொத்த மண்டியில் நாம் தினமும் பார்ப்பதுதானே.

நமக்கும் முன்பணம் புதிதல்ல. தீபாவளிச் சீட்டு இருக்கிறது, கல்யாண மளிகைக்கு அச்சாரம் இருக்கிறது. ஆனால் பழக்கம் தேய்ந்துவிட்டது. கல்யாண லிஸ்டை எடுத்துக்கொண்டு வருகிறவர், "முகூர்த்தம் முடிந்ததும் மொய்ப் பணத்தில் தந்துவிடுகிறேன் அண்ணாச்சி" என்கிறார். நாமும் தலையாட்டுகிறோம். அரை மூட்டை துவரம் பருப்பும் நான்கு டின் எண்ணெயும் மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்து, "இதைக் கழித்துக்கொள்ளுங்கள்" என்கிறார். நம் பணத்தில் அவர் வீட்டுக் கல்யாணம் நடந்திருக்கிறது. லிஸ்ட் போடும் அன்றே பாதித் தொகை, சரக்கு ஏற்றும் அன்று மீதி, உடைக்காத சிப்பம் மட்டும் 7 நாளுக்குள் திரும்ப எடுத்துக்கொள்ளப்படும் என்று சீட்டின் அடியில் அச்சடித்துவிட்டால் முகம் சுளிப்பவர் சிலர் இருப்பர். அவர்களில் பாதிப் பேர் எப்படியும் வாராக்கடன்தான்.

ஒரு எச்சரிக்கை. முன்பணமாக வந்தது வரவு அல்ல, கடன். சரக்கைக் கொடுக்கும் நாள் வரை அது வாடிக்கையாளர் பணம். சீட்டுப் பணத்தைக் கல்லாவில் கலந்து, மகன் படிப்புக்கும் வீட்டு மேல்மாடிக்கும் செலவு செய்துவிட்டு, தீபாவளிக்கு முந்தின வாரம் கதவைச் சாத்திய கடைகளை நாம் எல்லோருமே அறிவோம். பேரேட்டில் தனிப் பக்கம் போடுங்கள். முடிந்தால் தனி வங்கிக் கணக்கே வையுங்கள். பொருள் கொடுப்பதற்காக வாங்கும் முன்பணம் வேறு, வட்டி சொல்லி வாங்கும் வைப்புத்தொகை வேறு. இரண்டாவதற்கு 2019ஆம் ஆண்டின் மத்திய சட்டம் கடுமையான தண்டனை வைத்திருக்கிறது.

ஆட்டோமிக்ஸில் கவனிக்க வேண்டிய இன்னொன்று ஒரு அட்டை. ஒவ்வொரு பதார்த்தத்தோடும் ஒரு சிறு அட்டை வரும். பதார்த்தத்தின் கொரியப் பெயர், அதில் சேர்ந்த பொருள்கள், அதற்குப் பின்னால் உள்ள விவரம் எல்லாம் அதில் இருக்கும். அமெரிக்கருக்குப் புரிய வேண்டுமே என்று பெயரை மாற்றுவதில்லை. வந்தவர்கள் அந்த அட்டைகளைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். நம் கடையில் கருங்குறுவை அரிசி இருக்கிறது, மாப்பிள்ளைச் சம்பா இருக்கிறது. "இது எதுக்குப்பா ஆகும்?" என்று கேட்டால் கடைப் பையன் தராசைப் பார்க்கிறான். எத்தனை மணி நேரம் ஊற வேண்டும், எத்தனை பங்கு தண்ணீர், எந்த ஊர் நெல் என்று மூன்று வரி எழுதி மூட்டை வாயில் செருகி வைக்க என்ன செலவாகும்?

இனி சரக்குக்கு வருவோம். மளிகைக்காரருக்கு ருசியான பகுதி இதுதான். கொரியச் சமையலின் அஸ்திவாரம் 'ஜாங்' எனப்படும் புளிக்க வைத்த சோயா பண்டங்கள். சோயா மொச்சையை வேகவைத்து இடித்துச் செங்கல் போல் கட்டி, வைக்கோலால் கட்டித் தொங்கவிட்டுக் காயவைத்துப் புளிக்க விடுகிறார்கள். இந்தக் கட்டிக்கு 'மேஜு' என்று பெயர். பிறகு 'ஓங்கி' என்ற மண் ஜாடியில் உப்புத் தண்ணீர் ஊற்றி ஊறப்போடுகிறார்கள். மேலே கொஞ்சம் கரியும் காய்ந்த மிளகாயும் மிதக்கும். ஒன்றிரண்டு மாதம் கழித்துப் பிரித்தால், வடிந்த நீர் 'கன்ஜாங்' என்ற சோயா சாறு. தங்கிய கட்டி 'தோயென்ஜாங்' என்ற விழுது. ஒரே மூலப்பொருளில் இரண்டு சரக்கு, கழிவு இல்லை. செக்கில் எண்ணெயும் பிண்ணாக்கும் எடுப்பது போல. மூன்றாவது 'கோச்சுஜாங்' என்ற மிளகாய் விழுது. மிளகாய்த் தூள், பசையரிசி, மேஜு மாவு, முளைகட்டிய பார்லி, உப்பு சேர்ந்தது. சுன்சாங் என்ற வட்டாரம் இதற்குப் பெயர் பெற்றது, நம் சேலத்துக்கு ஜவ்வரிசி மாதிரி. ஜாங் தயாரிக்கும் மரபை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

புதுக் காலத்து உணவகங்கள் இந்த மூன்றையும் விட்டுவிடவில்லை. சியோல் நகரில் 2014இல் காங் மிங்கூ தொடங்கிய 'மிங்கிள்ஸ்' உணவகத்தில், மூன்று ஜாங்கையும் சேர்த்து ஒரே இனிப்பாகத் தருகிறார்கள். பாயசத்தில் மிளகாய் விழுதா என்று நமக்குத் தோன்றும்! அந்த உணவகம் 2025இல் மூன்று நட்சத்திரம் பெற்றது.

தமிழ்நாட்டில் இந்தச் சரக்குக்குக் கேட்பு வந்ததற்குக் காரணம் உண்டு. 1996இல் ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலைக்கு வந்தது. 1998இல் கார் வெளிவந்தது. கொரியக் குடும்பங்களும் அவர்களுக்கான உணவகங்களும் மளிகைக் கடைகளும் சென்னைக்கு வந்தன. இப்போது கொரியத் தொடர்கள் பார்க்கும் நம் வீட்டுப் பிள்ளைகளே கோச்சுஜாங் கேட்கிறார்கள். எதிர்த் திசையிலும் வியாபாரம் இருக்கிறது: கொரியர்கள் சமையலில் நல்லெண்ணெய் இல்லாமல் முடியாது, அதற்கான எள்ளில் ஒரு பகுதி இந்தியாவிலிருந்து போகிறது.

வாங்கி வைக்கும் நண்பர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. பார்ப்பதற்குக் காய்கறியாக இருப்பது சைவம் என்று அர்த்தமில்லை. கிம்ச்சியில் பொதுவாக உப்பிட்ட இறாலோ மீன் சாறோ சேரும். சூப்புத் தூளில் காய்ந்த நெத்திலி இருக்கும். நூடுல்ஸ் பொட்டலத்தின் மசாலாவில் மாட்டிறைச்சிச் சாறு இருக்கலாம். கோச்சுஜாங் பல வகைகளில் கெடாமல் இருப்பதற்காக ஆல்கஹால் சேர்க்கிறார்கள். இஸ்லாமிய வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லாமல் விற்பது நியாயமல்ல. ஆகவே, இறக்குமதியாளர் பெயர், உணவுப் பாதுகாப்பு உரிம எண், சைவ அசைவக் குறி மூன்றும் ஒட்டுச்சீட்டில் இருக்கிறதா என்று பார்த்து, பில்லோடு மட்டுமே வாங்குங்கள். பெட்டியில் யாரோ கொண்டுவந்து பாதி விலைக்குத் தருகிற சரக்கில் இந்த மூன்றும் இருக்காது.

கிம்ச்சி டப்பாவின் மூடி உப்பியிருந்தால் உடனே கெட்டுவிட்டது என்று தூக்கி எறிய வேண்டாம். உள்ளே புளிப்பு நடந்துகொண்டே இருப்பதால் காற்று சேரும். தேதியையும் வாடையையும் பார்த்து முடிவு செய்யுங்கள். குளிர்பெட்டி இல்லாத கடைக்கு அந்தச் சரக்கே வேண்டாம்.