கேள்வியும் கேண்மையும்

தமிழிலே "கேள்வி" என்பது இருபொருள்படுஞ் சொல். வினவுதலும் கேள்வி, செவிகொடுத்தலும் கேள்வி. வள்ளுவர் பின்னதற்கு ஓர் அதிகாரமே வகுத்தார். பவுல் அப்போஸ்தலர் ரோமருக்கு எழுதிய நிருபத்தில் விசுவாசத்தின் பிறப்பைக் கேள்வியோடு இணைத்துரைப்பதை நாம் பிரசங்கத்தைக் கேட்டல் என்ற அளவிலே நிறுத்திவிடுகின்றோம். ஒரு சகோதரன் மற்றொரு சகோதரனைக் கேட்பதனாலும் விசுவாசம் வளருமோ? மெதடிஸ்த சபையின் பூர்வ சரித்திரம் இதற்குத் தக்க விடை தருகின்றது.

ஜான் வெஸ்லி ஐயர் 1739-ம் ஆண்டு முதல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலும், அதனையடுத்த கிங்ஸ்வுட் சுரங்கத் தொழிலாளரிடையிலும், திறந்த வெளியில் பிரசங்கித்துவந்தார். திரளானோர் கேட்டு மனந்திரும்பினர். ஆயினும் அவருட் சிலர் நாளடைவில் அனல் தணிந்து பழைய வழிக்கே மீண்டனர். பிரசங்கத்தால் மூண்ட தீயைக் காப்பது எங்ஙனம் என்பது ஐயருக்குப் பெருங் கவலையாயிற்று.

விடை வந்த வழியோ வியப்பானது. 1742-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி, பிரிஸ்டல் கட்டடக் கடனைத் தீர்க்கும் வகைபற்றிக் கூடிப் பேசினர். ஒவ்வோர் அங்கத்தினரும் வாரம் ஒரு பென்னி கொடுப்பதென்று காப்டன் ஃபாய் என்பவர் யோசனை கூறினார். ஏழைகளுக்கு இயலாதே என்று தடை பிறந்தது. மிக்க வறியோர் பதினொருவரைத் தம்மிடம் ஒப்படைக்கும்படியும், வாரந்தோறும் அவர்களிடஞ் சென்று அவர்கள் கொடுக்கக்கூடாததைத் தாமே கொடுப்பதாகவும் அவர் மறுமொழி சொன்னார். இவ்வாறே சங்கம் முழுவதும் பன்னிருவர் பன்னிருவராக வகுக்கப்பட்டது.

பென்னி தண்டச் சென்றவர்கள் வாசலில் வேறு பலவுங் கண்டனர். தக்கபடி நடவாதோர் சிலருளர் என்று வந்து அறிவித்தனர். இதுவே தாம் நெடுநாள் நாடியதென ஐயர் கண்டுகொண்டார். ஆனால் வீடுதோறுஞ் செல்ல நேரம் போதவில்லை. ஊழியக்காரராயிருந்தோரைத் தனியே கண்டு பேச எசமானர் இடங்கொடுக்கவில்லை. ஒருவர் சொன்னதை மற்றொருவர் மறுத்தால் இருவரையும் நேர்நிறுத்தித் தீர்க்கவும் வழியில்லை. ஆகையால் பன்னிருவரும் வாரம் ஒருமுறை ஓரிடத்திற் கூடலாயினர். அவ்வாரத்து நலமும் வீழ்ச்சியும் வினவப்பட்டன, பிறர் செவிகொடுத்தனர், ஜெபித்துப் பிரிந்தனர். இக்கூட்டங்கள் சிலவற்றைப் பெண்டிரும் நடத்தினர்.

இங்கே முறையைக் கவனித்தல் வேண்டும். அயலான் கடனைத் தன் கடனாக ஏற்றுக்கொண்ட பின்னரே அவன் ஆத்துமாவைக் குறித்த வினா எழுந்தது. இம்முறை தலைகீழாயின் கூட்டம் விசாரணைச் சாவடியாகும். அவ்வபாயம் அங்கும் இல்லாமலில்லை. தகுதியுடையோர்க்கு மூன்று மாதத்துக்கொருமுறை சீட்டு அளிக்கப்பட்டது, தகாதவர்க்கு மறுக்கப்பட்டது. ஒழுங்குக்கு அது வேண்டுவதே எனினும், சீட்டை எண்ணிப் பேசும் நாவு மெய்யை முற்றும் பேசுமென்று எனக்குத் தோன்றவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கூட்டங்கள் மெலிந்ததற்குச் சொல்லப்படுங் காரணங்களுள் ஒன்று, வாரந்தோறும் ஒரே சாட்சியை ஒரே சொற்களால் ஒப்புவித்தமை. அங்கே பேச்சு நின்றதில்லை, கேள்வியே நின்றது.

நமது விடுதி ஜெபவட்டங்களில் நீண்ட ஜெபத்துக்குக் குறைவில்லை. வீட்டினின்று கடிதம் வந்த நாள்முதல் உண்ணாது ஒடுங்கியிருக்கும் அயலறை மாணவனை வினவுவார்தாம் அரியர். இவ்வாண்டு வட்டத்தலைவனைத் தெரிந்துகொள்ளும்போது, நாவன்மையுடையானை விடுத்து, அம்மாணவன் பரீட்சைக் கட்டணஞ் செலுத்தினானா என்பதை முன்னமே அறிந்திருப்பவனைத் தெரிந்துகொள்வோமாக.