கணினித் திரையில் ஓர் உத்தியோகப் பரீட்சை

சென்ற விடுமுறையில் நாம் வன்னியம்பட்டியில் தங்கியிருந்தோம். இராசபாளையம், திருவில்லிபுத்தூர் ஆகிய இரு நகர்களையும் அண்டிய சிற்றூர் அது. அங்கே எமக்கு அண்ணன் முறையினர் ஒருவர், நூற்பாலைத் தொழிலாளியின் புதல்வர், கிராம வங்கி அதிகாரிப் பதவிக்குரிய முதல்நிலைத் தேர்வில் தோற்று மனம் சோர்ந்திருந்தார். “எண்பது வினாக்களுக்கும் விடை அளித்தேனே!” என்பதே அவர் ஓயாது கூறிய சொல். அச்சொல்லிலேயே தோல்வியின் காரணம் அடங்கியிருந்தது என்பதைப் பின்னரே உணர்ந்தோம். அதனை ஆராய்ந்தபொழுது கற்றவற்றை, பட்டம் பெற்றபின் இவ்வழியிற் செல்லக் கருதும் நண்பர்களின் பொருட்டு ஈண்டு எழுதலாயினோம்.

விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த பாண்டியன் கிராம வங்கியை நம் பக்கத்தார் நன்கு அறிவர். அது 2019-ஆம் ஆண்டில் பல்லவன் கிராம வங்கியுடன் இணைந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆயிற்று. இத்தகைய வங்கிகட்கு ஆள் தெரியும் பணி ஐ.பி.பி.எஸ். என்னும் நிறுவனத்தினுடையது. முதற்படி அதிகாரியாவார் உதவி மேலாளர். எத்துறையில் பட்டம் பெற்றவரும் இதற்கு விண்ணப்பிக்கலாம். ஆதலின் தமிழ் பயில்வோர்க்கும் தடையில்லை. இவ்வங்கிகளின் தேர்வு ஆங்கிலம், இந்தி ஆகியவற்றோடு 13 வட்டார மொழிகளிலும் நடைபெறும் என 2019 சூலையில் மத்திய நிதியமைச்சர் அறிவித்தார். அவற்றுள் தமிழும் ஒன்று. உத்தரமேரூரின் 921-ஆம் ஆண்டுச் சாசனம் ஊர் வாரியத்திற்கு 35 வயது நிரம்பாதவரை விலக்கிற்று. இங்கோ பொதுப்பிரிவில் 30 நிரம்பியவர் விலக்கப்படுவர். முதியோர்க்கு இது வியப்பளிக்கலாம்!

நிற்க. முதல்நிலையில் தருக்க ஆராய்ச்சி 40, கணக்கு 40, ஆக 80 வினாக்கள். காலம் 45 நிமிடம். வகுத்துப் பார்ப்பின் வினா ஒன்றிற்கு 34 விநாடியும் முழுமையாக இல்லை. பிழையான விடை ஒவ்வொன்றிற்கும் கால் மதிப்பெண் கழியும். விடுத்த வினாவிற்குக் கழிவு இல்லை.

ஐந்து விடைகள் தரப்பட்ட வினாவில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொடுவதாகக் கொள்வோம். அவ்வாறு 30 வினாக்களைத் தொடின், சராசரியாக 6 சரியாகும், 24 பிழையாகும். வரவு 6, கழிவும் 6. ஊதியம் ஒன்றுமில்லை. ஐந்தனுள் இரண்டு பொருந்தாவென்று உறுதியாகத் தள்ளியபின் எஞ்சிய மூன்றனுள் ஒன்றைத் தொட்டாலோ, வினாவிற்குச் சராசரி ஆறில் ஒரு பங்கு மதிப்பெண் கிட்டும். எனவே ஊகம் முற்றும் தீதன்று. ஆராயாத ஊகமே வீண்.

நம் அண்ணனாரின் நிலை யாதெனின், வட்ட மேசையைச் சுற்றி எண்மர் அமர்ந்த புதிர் ஒன்றில் ஏழு நிமிடத்தைச் செலவிட்டார். தொடங்கியதை விடுவது தோல்வி என்று கருதினாராம்! பின்வந்த எளிய கணக்குகளைப் படிக்கவும் நேரமின்றி இறுதியில் முப்பதையும் கண்மூடித் தொட்டார். அறியாமையால் அன்று, விடத் தெரியாமையால் தோற்றார். மேலாளர்க்கும் ஒருநாளில் வரும் காரியங்களுள் எதனை முதலிற் செய்வது, எதனைப் பின்னர்க்கு வைப்பது என்பதே பெரும்பாடு என்பர். அத்திறனையே இப்பரீட்சை மறைமுகமாக அளக்கின்றதோ என்று எமக்குத் தோன்றுகிறது.

பின்னர் நாம் இருவரும் மாலைதோறும் கடிகாரத்தை முன்வைத்துப் பழகினோம். முதற்சுற்றில் கண்டவுடன் வழி தோன்றும் வினாக்கள் மட்டுமே. புதிர்களுக்கு இரண்டாம் சுற்று. முதல் வாரத்தில் ஒரு வினாவை விட்டு நகர அவர் கை கூசியது. “எல்லாம்”, “சில” என வரும் கூற்றுகளிலிருந்து முடிபு காணும் பகுதி, மணிமேகலையின் 29-ஆம் காதையில் அளவைச் செய்திகளைக் கற்ற எமக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. கணக்கில் அவரே எமக்கு ஆசிரியர்.

தாளில் பழகுவது மட்டும் போதாது. திரையில் விடையைத் தொட்டபின் “சேமித்து அடுத்ததற்குச் செல்க” என்னும் பொத்தானை அழுத்தல் வேண்டும். வினா எண்ணைத் தொட்டுத் தாவினால் விடை பதியாது. விடையளித்து, மறுபார்வைக்கெனக் குறித்த வினாவோ மதிப்பிடப்படும். இவற்றை அறியாது மதிப்பெண் இழப்போர் உளர். வெவ்வேறு வேளைகளில் எழுதுவோரின் வினாத்தாள்கள் வேறாதலின், மதிப்பெண்கள் புள்ளியியல் முறையால் சமன்செய்யப்படுகின்றன. ஆகவே பக்கத்து ஊரார்க்கு எளிய தாள் வந்ததென ஏங்குவதில் பயனில்லை.

மறுமுறை அவர் 61 வினாக்களுக்கே விடையளித்து, 19 வினாக்களை விட்டு வந்தார், தேறினார். ஆயினும் முதல்நிலை மதிப்பெண் இறுதித் தரவரிசையிற் சேராது. முதன்மைத் தேர்வில் இரண்டு மணி நேரத்தில் 200 வினாக்கள், அதன்பின் நேர்முகம். பழைய கடிகாரத்திற்கு அவர் மீண்டும் சாவி கொடுத்துவிட்டார்.