எண்ணெய்ச் சட்டி ஏறாத தீபாவளி

அன்பு மருமகளுக்கு,

ஆண்டிபட்டியிலிருந்து மாமா எழுதுவது. அப்பா வேளைக்குச் சாப்பிடுகிறார், தம்பி பள்ளிக்கூடம் போகிறான். போனில் பேசினால் நீயும் அழுவாய், நானும் அழுவேன், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

"இந்தத் தீவாளிக்கு வரலை மாமா, ஹாஸ்டல்லயே இருந்துக்கிறேன்" என்று போன வாரம் சொன்னாய். போனை வைப்பதற்கு முன்னால் இன்னொன்றும் சொன்னாய். அம்மாவின் பதினாறாம் நாள் விசேஷத்தில் உன் மச்சான் ஏதோ கேலி பேச, நீ வாய்விட்டுச் சிரித்துவிட்டாயாம். யாரோ ஒரு பெரியவள் திரும்பிப் பார்த்தாளாம். அதை நினைத்தால் அம்மாவுக்குத் துரோகம் செய்த மாதிரி இருக்கிறது என்றாய். தாயி, நீ வராமல் இருப்பதற்குக் காரணம் இந்த இரண்டாவது சங்கதிதான் என்று எனக்குப் படுகிறது. முதலில் அதைப் பேசிவிடுவோம்.

நம் பக்கத்தில் பேரன் பேத்தி எடுத்து, வயசாகிப் போனவர்களைக் கொட்டும் ஆட்டமும் வைத்து அனுப்புவோம். கல்யாணச் சாவு என்போம். பேரன்மார் பாடைக்குப் பக்கத்திலேயே தாத்தாவைக் கேலி பேசுவார்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உன் அம்மாவுக்கு, என் அக்காவுக்கு, அந்த வயசு இல்லை. அவளை யாரும் சிரித்துக்கொண்டே அனுப்பவில்லை, அனுப்பவும் முடியாது. ஆனாலும் பதினாறாம் நாளுக்குள் மாமன் மச்சான் முறைக்காரர்கள் ஒரு வார்த்தை கேலி பேசி, துக்க வீட்டுக்காரர்களை இலையில் உட்கார வைப்பது நம் வழக்கம். அழுது அழுது தொண்டை அடைத்துப்போனவர்களுக்கு முதல் கவளம் இறங்க வேண்டும். பங்காளிகள் அதைச் செய்ய மாட்டார்கள், அவர்களுக்கும் தீட்டு, அவர்களுக்கும் துக்கம். அதனால் அந்தப் பொறுப்பை முறைக்காரர்களிடம் விட்டிருக்கிறார்கள். உன் மச்சான் அன்றைக்குச் செய்தது அந்த வேலை. நீ சிரித்த பிறகுதான் ரெண்டு வாய் சாப்பிட்டாய். நான் எதிர்ப்பந்தியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதோடு, செத்துப்போனது யார் என்பதையும் யோசித்துப் பார். உன் அம்மா ஒரு நாள் முழுக்கச் சிரிக்காமல் இருந்து நான் பார்த்ததில்லை. சின்ன வயசில் ஒரு தீபாவளிக்கு எங்கள் வீட்டில் மாவுப் பதம் தப்பி, முறுக்கு கல்லாக வந்துவிட்டது. ஆத்தாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தாத்தா முன்னால் வைத்து, "பல்லு இருக்கவுகளுக்கு முறுக்கு, இல்லாதவுகளுக்கு முறுக்குச் சத்தம்" என்றாள். தாத்தா, "எனக்குக் காதும் கேக்காதே தாயி, எனக்கு என்ன மிச்சம்?" என்று கேட்டார். "வாசம் இருக்குல்ல" என்றாள். ஆத்தா அழுகையை விட்டுவிட்டுச் சிரித்தாள். அந்த முறுக்கை ரசத்தில் ஊறப்போட்டுக் கார்த்திகை வரைக்கும் தின்றோம். தறி ஓடும்போது கரண்டு போனால் நாங்கள் எல்லாம் மின்சார வாரியத்தைத் திட்டுவோம். அவள் மட்டும், "தறிக்கும் ஒரு ஞாயித்துக்கிழமை வேணும்ல" என்பாள். இப்படிப்பட்டவளுக்கு நீ சிரிப்பது துரோகம் என்றால், அவளை நீ மறந்துவிட்டாய் என்றுதான் நான் சொல்வேன்.

பண்டிகை நாளில் துக்கம் ரெண்டு மடங்காகத் தெரியும். மற்ற நாளில் வேலை இருக்கிறது, பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. தீபாவளி விடியக்காலை நாலு மணிக்கு எழுந்தால் தலையில் எண்ணெய் வைக்க அந்தக் கை இல்லை. புதுத் துணியின் ஓரத்தில் மஞ்சள் வைக்க ஆள் இல்லை. அதை நீ ஹாஸ்டல் அறையில் தனியாகச் சமாளித்துவிடலாம் என்று நினைக்கிறாய். சமாளிக்க முடியாது தாயி. தெரு முழுக்க வெடிச் சத்தம் கேட்கும், செல்போனைத் திறந்தால் எல்லோரும் குடும்பத்தோடு நிற்கிற படம் வரும். அந்த ஒரு நாள் ஒரு மாசம் மாதிரி நீளும்.

இப்படி நேரத்தில் கூட நிற்கிறவர்களால் என்ன செய்ய முடியும் என்பதற்கு, கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் கதையை எங்கள் அய்யா அடிக்கடி சொல்வார். 1944 தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' படம் வந்தது. பாகவதர் கதாநாயகன், சிரிப்புக்குக் கலைவாணரும் டி.ஏ. மதுரமும். கொஞ்ச நாளிலேயே லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரையும் கலைவாணரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். 1945இல் ரெண்டு பேருக்கும் ஆயுள் தண்டனை. சென்னை பிராட்வே தியேட்டரில் படம் மட்டும் நிற்கவில்லை, மூன்று தீபாவளியைக் கண்டது. ஜனங்கள் பண்டிகைக்குப் புதுத் துணி போட்டுக்கொண்டு போய்க் கலைவாணரைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் சிறையில் இருந்தார்.

வெளியே அவர் மனைவி மதுரம் அம்மையார் என்ன செய்தார் தெரியுமா? வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரவில்லை. எஸ்.வி. சகஸ்ரநாமம் முதலான நண்பர்கள் கூட நிற்க, கலைவாணர் பெயரிலேயே நாடக சபாவை நடத்தினார். வழக்குச் செலவுக்குப் பணம் வேண்டும், குழுவில் இருந்தவர்களின் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே அவர் திரும்பி வரும்போது நிற்க ஒரு மேடை வேண்டும். அவர்கள் போட்ட 'பைத்தியக்காரன்' நாடகம் பிறகு படமாகவும் வந்தது. 1947இல் வழக்கு உடைந்து ரெண்டு பேரும் விடுதலையானார்கள். கலைவாணர் மறுபடியும் சிரிக்க வைத்தார், 'நல்லதம்பி' எடுத்தார், 'மணமகள்' எடுத்தார். பாகவதருக்குப் பழைய காலம் திரும்பவே இல்லை. அதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். என் மனசுக்குத் தோன்றுவது ஒன்றுதான்: கலைவாணருக்கு அவருடைய இடத்தை நண்பர்கள் காலியாக விடாமல் பிடித்து வைத்திருந்தார்கள். வாயால் ஆறுதல் சொல்வதைவிட அது பெரிய காரியம்.

உனக்கும் அப்படிச் சிலர் இருக்கிறார்கள். பத்தாவதில் உன்னோடு படித்த ரெண்டு பெண்கள் போன சந்தை நாளில் என்னைப் பார்த்து, "அவ எங்க போனையே எடுக்க மாட்டேங்கிறா மாமா" என்றார்கள். நீ எடுக்காததற்குக் காரணம் எனக்குப் புரிகிறது. எடுத்தால் என்ன பேசுவது என்று தெரியவில்லை. அவர்களுக்கும் தெரியவில்லை, பயந்துகொண்டுதான் கூப்பிடுகிறார்கள். "எனக்கு ஒண்ணுமில்லைடி, நல்லாத்தான் இருக்கேன்" என்று மட்டும் சொல்லாதே, அந்த வார்த்தை அவர்களை வாசலிலேயே நிறுத்திவிடும். ஏதாவது ஒரு வேலை சொல். "தீவாளிக்கு மறுநாள் வீட்டுக்கு வாங்க, அம்மா பீரோவை ஒழுங்குபடுத்தணும், எனக்குத் தனியாத் திறக்கப் பயமா இருக்கு" என்று சொல். வந்துவிடுவார்கள். ஒவ்வொரு சேலையாக எடுக்கும்போது ஒரு அழுகை வரும், ஒரு கதையும் வரும். உன் அம்மா உங்கள் மூன்று பேரையும் வைகை அணைப் பூங்காவுக்குக் கூட்டிப்போய், திரும்பும்போது ஆள் எண்ணிப் பார்த்து, வேறு யாருடைய பிள்ளையையோ சேர்த்து எண்ணிக்கொண்டு வந்த கதையை அவர்கள் கட்டாயம் எடுப்பார்கள். எடுக்கட்டும்.

துக்க வீடு என்பதால் இந்த வருஷம் எண்ணெய்ச் சட்டி ஏறாது. அதை நினைத்தும் நீ கலங்குகிறாய். எண்ணெய்ச் சட்டி வைக்காத வீட்டுக்குத்தான் அன்றைக்கு அதிகமாகப் பலகாரம் வரும், பார். விடிந்ததும் தெருவே தூக்குச்சட்டியோடு வந்து நிற்கும். கொடுத்துவிட்டு அப்படியே திரும்பிப் போக மாட்டார்கள், உட்கார்ந்து அரை மணி நேரம் பேசுவார்கள். நம் பெரியவர்கள் இந்த வழக்கத்தை வைத்த காரணம் எதுவாக இருந்தாலும், துக்க வீட்டில் பண்டிகை அன்றைக்கு ஆள் இல்லாமல் போகாது. நீ வராவிட்டால் அந்தத் தூக்குச்சட்டிகளை வாங்கி வைக்கிற ஆள் உன் அப்பாதான். அவருக்கு நாலு வார்த்தை சேர்த்துப் பேச வராது என்பது உனக்குத் தெரியும்.

தம்பி வெடி கேட்கிறான், வாய் திறந்து கேட்கவில்லை, பக்கத்து வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவன் எங்கள் வீட்டுக்கு வந்து வெடிக்கட்டும். எட்டாவது படிக்கிற பிள்ளைக்கு ஒரு வருஷம் சந்தோஷத்தை நிறுத்தி வைக்கச் சொல்ல எனக்கு மனசில்லை. யாராவது கேட்டால் தாய்மாமன் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ளட்டும். உனக்குச் சக்கம்பட்டிச் சேலை ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். தாய்மாமன் எடுத்த துணியை உடுத்தாதே என்று சொல்ல இந்த ஊரில் யாருக்கும் வாய் வராது. அத்தை மஞ்சள் வைத்துத் தருவாள்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள். சிரிப்பும் சிநேகிதமும் எல்லா நாளும் போதாது. வாரக்கணக்கில் தூக்கம் வராமல், சோறு இறங்காமல், உயிரோடு இருப்பதே வேண்டாம் என்று ஒரு நினைப்பு வந்தால், அது ராத்திரி எத்தனை மணியானாலும் எனக்குப் போன் பண்ணு. 14416 என்ற நம்பருக்கும் கூப்பிடலாம், அரசாங்கம் நடத்துவது, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். இங்கே வந்தால் கானாவிலக்கு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப்போகிறேன். காய்ச்சலுக்குப் போகிறோம், இதற்கும் போவோம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

தீபாவளி போனால் தையில் பொங்கல் வந்து நிற்கும். அதற்கும் இப்போதே பயந்துகொண்டிருப்பாய். நம் கம்பம் பள்ளத்தாக்கில் பாலார்பட்டிக்காரர்கள் வருஷா வருஷம் ஜனவரி 15 அன்று பென்னிகுக்குக்குப் பொங்கல் வைக்கிறார்கள். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய அந்த மனுஷன் 1911இலேயே போய்விட்டார். அவர் பிறந்த நாளில் பானை வைத்து, குலவை போட்டு, பிள்ளைகளுக்கு அவர் கதையைச் சொல்கிறார்கள், அழுதுகொண்டு இல்லை. அக்காவுக்கும் நாம் அப்படி ஒரு நாள் வைப்போம். முறுக்குக் கதையை அன்றைக்கு நீதான் சொல்ல வேண்டும், உன் வாயில் கேட்டால்தான் அது நன்றாக இருக்கும்.

உன் அறையில் ஷிப்ட் மாற்றம் கிடைக்காமல் ஊருக்குப் போக முடியாத பெண் ஒருத்தி இருக்கிறாள் என்றாயே, அவளுக்கு ஒரு நாள் லீவு கிடைத்தால் அவளையும் கூட்டிக்கொண்டு வா. பஸ் டிக்கெட் போட்டதும் சொல். எத்தனை பேர் வருகிறீர்கள் என்று அத்தை கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்