எண்பதுக்கும் நூறுக்கும் நடுவே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. உன் அப்பா போனில் எல்லாம் சொன்னான். ஆகஸ்ட் ஷார்ட்ஹேண்ட் தேர்வில் நிமிடத்துக்கு நூறு வார்த்தை போகவில்லை என்றும், ரிசல்ட் வந்ததிலிருந்து நீ இன்ஸ்டிடியூட் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை என்றும் சொன்னான். பேசுவதை எல்லாம் கம்ப்யூட்டரே எழுதிவிடுகிற காலத்தில் இந்தக் கோட்டையும் கொக்கியையும் படித்து என்ன ஆகப்போகிறது என்று நீ கேட்டாயாம். நியாயமான கேள்வி. போனில் பேசி முடிகிற பதில் என்னிடம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்த நூறு வார்த்தை. ஜூனியரில் எண்பதை முதல் தடவையிலேயே பாஸ் செய்தவளுக்கு இன்டர்மீடியட்டின் நூறு ஏன் வரமாட்டேன் என்கிறது? இருபது வார்த்தைதானே கூடுதல் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார். எண்பதில் ஒரு வார்த்தைக்கு முக்கால் விநாடி கிடைக்கிறது. நூறில் அது 0.6 விநாடி. சீனியரின் 120-இல் அரை விநாடிதான். முக்கால் விநாடி இருந்தால் யோசித்து எழுதலாம். ஆர் கொக்கி முன்னால் வருமா, கோட்டைப் பாதியாக்க வேண்டுமா, லைனுக்கு மேலே போடுவதா, லைனை வெட்டிப் போடுவதா என்று மனசுக்குள் விதியைத் தேட நேரம் இருக்கிறது. 0.6 விநாடியில் அதற்கு இடமில்லை. காதில் விழுந்ததும் கை போய்விட வேண்டும். யோசித்து எழுதுகிற பழக்கம் போய்க் கை தானாக ஓடுகிற பழக்கம் வருவதற்குள் ஒரு தேக்கம் வரும். அந்த நாட்களில் ஸ்பீடு ஏறாது, சில வாரம் இறங்கக்கூடச் செய்யும். நீ நிற்பது அங்கேதான். நீ மக்கு என்று நினைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறாயே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இந்தத் தேக்கம் உனக்கு மட்டும் வருவதில்லை. அமெரிக்காவில் கோர்ட்டில் பேசுவதை எழுதும் கோர்ட் ரிப்போர்ட்டர் வேலைக்கென்றே தனிப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே பென்சில் கிடையாது. 22 கீ உள்ள ஸ்டெனோடைப் மெஷினில் பல கீகளைச் சேர்த்து ஒரே நேரத்தில் அழுத்தி, ஓர் அசையை அல்லது ஒரு முழு வார்த்தையை ஒரே அடியில் எழுதிவிடுகிறார்கள். அவர்களுடைய தேசியச் சங்கத்தின் சான்றிதழ் தேர்வில் சாட்சி விசாரணைப் பகுதியை நிமிடத்துக்கு 225 வார்த்தை வேகத்தில் வாசிப்பார்கள். 95 சதவீதம் சரியாக இருந்தால்தான் பாஸ். அந்த மாணவர்களும் ஒவ்வொரு வேகத்திலும் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். சேருகிறவர்களில் பெரும்பாலோர் முடிக்காமலே விலகிவிடுகிறார்கள். விலகியவர்கள் எல்லாம் திறமை இல்லாதவர்கள் என்று நான் நம்ப மாட்டேன். இந்தத் தேக்கம் எல்லோருக்கும் வருவது, வந்தால் போவது என்று பக்கத்தில் இருந்து சொல்ல ஆள் இல்லாதவர்கள் அவர்களில் நிறையப் பேர் இருந்திருப்பார்கள்.

இப்போது என்ன செய்வது என்று கேட்பாய். நூறு வராதவள் நூறிலேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தால் வராது. தெரிந்த ஒரு பத்தியை எடுத்துக்கொள். அதில் வருகிற கடினமான வார்த்தைகளின் அவுட்லைன்களை முதலில் தனியாக எழுதிப் பழகு. பிறகு அதே பத்தியை ஒரு நிமிடம் மட்டும் 120-இல் வாசிக்கச் சொல்லி எழுது. விட்டுப்போகும், போகட்டும். விட்ட இடத்தில் ஒரு இடைவெளி விட்டுவிட்டு அடுத்த வார்த்தையைப் பிடி. போனதைத் துரத்தினால் வருவதும் போய்விடும். நான்கு ஐந்து தடவை அப்படி ஓடிவிட்டு நூறுக்கு இறங்கினால், வாசிப்பவர் நிதானமாகி விட்டது போல இருக்கும். ஷார்ட் ஃபார்ம்களில், அதாவது அடிக்கடி வரும் வார்த்தைகளுக்கான சுருக்கக் குறிகளில், உனக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆங்கிலப் பேச்சில் பெரும்பகுதி அந்தச் சில நூறு வார்த்தைகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அங்கே தயங்கினால் வேறு எங்கே வேகம் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

இன்னொன்று சொல்கிறேன், இதை இன்ஸ்டிடியூட்டில் பெரும்பாலும் சொல்லித் தருவதில்லை. நோட்டின் பக்கத்தைத் திருப்புவதில் நேரம் போகிறது. பக்கத்தின் பாதிக்கு வந்ததும் இடது கைப் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தாளின் கீழ் ஓரத்தைப் பிடித்து, எழுத எழுத மெல்ல மேலே தள்ளிக்கொண்டே போ. கடைசி வரி முடியும்போது தாள் பாதி வளைந்து நிற்கும், ஒரு தட்டில் திரும்பிவிடும். பென்சிலையும் பார். முனை கடினமாக இருந்தால் மெல்லிய கோடும் தடித்த கோடும் ஒன்றாகிவிடும். அப்புறம் T-யா D-யா, P-யா B-யா என்று நீயே முழிக்க வேண்டியதுதான். மென்மையான பென்சில் இரண்டு, இரண்டு பக்கமும் சீவி வைத்துக்கொள்.

ஆனால் ஸ்பீடைவிட எனக்குப் பெரிய கவலை ஒன்று உண்டு. நீ எழுதியதைத் திரும்ப வாசிக்கிறாயா? இன்ஸ்டிடியூட்டில் பிள்ளைகள் டிக்டேஷன் முடிந்ததும் "வந்துவிட்டது சார்" என்று நோட்டை மூடுவதைப் பார்த்திருக்கிறேன். பழைய கேள்வித்தாள் பத்திகள் மனப்பாடமாகவே இருப்பதால் நோட்டைப் பார்க்காமலேயே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். சர்ட்டிபிகேட் வரும், தொழில் வராது. சார்லஸ் டிக்கன்ஸ் நாவல் எழுத வருவதற்கு முன் லண்டன் கோர்ட்டில் ஷார்ட்ஹேண்ட் எழுதிப் பிழைத்தவர். அவருடைய 'டேவிட் காப்பர்ஃபீல்டு' கதையில் டேவிட் சுருக்கெழுத்து கற்கும் பகுதி ஒன்று வருகிறது. நண்பன் ஒவ்வொரு ராத்திரியும் பார்லிமென்ட் பேச்சுகளை உரக்க வாசிக்க, இவன் எழுதி எழுதி ஸ்பீடைப் பிடித்துவிடுகிறான். கடைசியில் பார்த்தால் தான் எழுதியதைத் தன்னாலேயே வாசிக்க முடியவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறான். அந்த முறை வேறு, நாம் படிக்கிற முறையைப் பிட்மன் 1837-இல் வெளியிடுவதற்கு முந்தையது. ஆனாலும் அந்தப் பகுதியைப் படித்தால் நம் இன்ஸ்டிடியூட் பெஞ்சில் உட்கார்ந்த எவருக்கும் தெரியும், அனுபவித்தவன் எழுதியது என்று.

திரும்ப வாசிப்பது ஏன் முக்கியம் என்பது ஸ்டெனோவாகக் கோர்ட்டுக்குள் வந்தால்தான் தெரியும். அமெரிக்காவில் செய்வது போல இங்கே கேள்வி, பதில் என்று ஒவ்வொரு சொல்லையும் எழுதுவதில்லை. வக்கீல் தமிழில் கேட்பார், சாட்சி தமிழில் சொல்வார். நீதிபதி இரண்டையும் சேர்த்து, சாட்சியே சொல்வது போன்ற ஒரே வாக்கியமாக்கி டிக்டேட் செய்வார். குறுக்கு விசாரணையில் எப்படி வரும் தெரியுமா? "சம்பவ இடத்தில் நான் இல்லை என்று சொன்னால் சரியல்ல." இந்த வாக்கியத்தில் இரண்டு மறுப்பு இருக்கிறது. முதலாவது விட்டுப்போனால், அந்த ஆள் சம்பவ இடத்தில் இருந்ததையே மறுக்கிறான் என்று ஆகும். இரண்டாவது விட்டுப்போனாலும் அதேதான். ஒரே ஒரு 'இல்லை'யில் கண்ணால் பார்த்த சாட்சி ஒருவன் காணாமல் போய்விடுவான். இப்படிப்பட்ட வாக்கியங்கள் ஒரு மதியத்தில் இருபது முப்பது வரும், ஒன்றன்பின் ஒன்றாக. நடுவில் இரண்டு வக்கீல்களும் ஒரே நேரத்தில் எழுந்து பேசுவார்கள், மேலே ஃபேன் கரகரக்கும், சாட்சியின் குரல் முதல் வரிசைக்கே கேட்காது.

ஆங்கிலத்தில் இன்னும் கவனம் வேண்டும். 'டூ' என்றால் செங்குத்தான ஒரு தடித்த கோடு. 'டூ நாட்' என்றால் அதே கோடு பாதி நீளம், அடியில் ஒரு சின்னக் கொக்கி. அவசரத்தில் கோடு நீண்டு கொக்கி மழுங்கினால், நினைவில்லை என்றவன் நினைவிருக்கிறது என்றவனாகிவிடுவான். 'ப்ராசிக்யூட்', 'பர்சிக்யூட்' இரண்டுக்கும் மெய்யொலிகள் ஒன்றேதான். அதனால்தான் பிட்மன் புத்தகம் அவற்றுக்கு வெவ்வேறு அவுட்லைன் கொடுத்திருக்கிறது. அந்தப் பட்டியல் பரீட்சைக்கு வராது என்று உங்கள் வகுப்பில் தள்ளிவிட்டிருந்தால், நீயாகவே உட்கார்ந்து படி.

நோட்டில் தெளிவில்லாத இடம் வந்தால் இதுவாகத்தான் இருக்கும் என்று எழுதவே கூடாது. எழுந்து கேள். நீதிபதி கோபப்படுவார் என்று பயப்படாதே. கோபம் ஒரு நிமிடம். டைப் செய்த தாள் கையெழுத்தாகி அப்பீல் கோர்ட் வரை போகும். சாட்சியத்தை முடித்துச் சாட்சிக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இருந்தது, 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இருக்கிறது. அவசரத்தில் அதைக் கடமைக்குச் செய்கிற இடங்களும் உண்டு. உன் தாள் சரியாக இருந்தால், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிழவியின் வார்த்தையும் சரியாக இருக்கும்.

இந்த வேலையில் கையைவிட மனசுக்குத்தான் பாரம் அதிகம். சின்னப் பெண்களுக்கு நடந்த கொடுமை பற்றிய வழக்குகள் கதவைச் சாத்தி நடக்கும். அந்தக் குழந்தை பேசும்போது அறையில் இருக்கிற சில பேரில் நீயும் ஒருத்தி. அது திக்கித் திணறி ஒரு சொல்லைச் சொல்லும், அந்தச் சொல்லையே எழுத வேண்டும். நாகரிகம் பார்த்து மென்மையாக்கினால் அந்தக் குழந்தைக்குத் துரோகம். நீ முகம் சுளித்தால் அது பேச்சை நிறுத்திவிடும். எழுதி முடித்து வராந்தாவில் போய் அழுதுவிட்டு வா, தப்பில்லை. எங்கள் காலத்தில் ஸ்டெனோக்களை இதற்கு யாரும் தயார் செய்யவில்லை, இப்போதும் செய்வதாகத் தெரியவில்லை. அது பெரிய குறை.

தீர்ப்பு விஷயம் ஒன்று. நீதிபதிக்கு அடுத்தபடி தீர்ப்பு தெரிவது ஸ்டெனோவுக்குத்தான். விடுதலையா ஆயுளா என்பது உன் நோட்டில் ராத்திரி முழுக்க இருக்கும், மறுநாள் காலையில்தான் ஊருக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டில் யாராவது டீ வாங்கித் தருகிறேன் என்பார்கள். சொந்தக்காரர்கள் பாசமாக விசாரிப்பார்கள், "பயப்பட ஒன்றும் இல்லையே?" என்று மட்டும் கேட்பார்கள். அதற்கு "எனக்குத் தெரியாது" என்ற பதில் மட்டும்தான், உன் அப்பாவிடமும்கூட. சிரித்தால் ஒரு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள், சிரிக்காவிட்டால் வேறு அர்த்தம். எனவே அந்த நாட்களில் வழக்குக்காரர்கள் இருக்கிற கல்யாணம் காட்சிக்குக்கூடப் போகாதே.

இனி உன் கம்ப்யூட்டர் கேள்வி. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அரசியல் சாசன அமர்வின் வாதங்களைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுத்தாக்கத் தொடங்கியது. அது கீழ்க் கோர்ட்டுகளுக்கும் வந்துகொண்டிருக்கிறது. வரக்கூடாது என்று சொல்லும் கட்சியில் நான் இல்லை. ஆனால் அங்கே மைக் முன்னால் ஒவ்வொருவராக நின்று ஆங்கிலத்தில் வாதாடுகிறார்கள். இங்கே நம் சாட்சி பாதி தலையசைப்பிலும் மீதி ஊர் வழக்கிலும் பேசுகிறவன். மெஷின் எழுதித் தந்தாலும், கேட்டவள் ஒருத்தி உட்கார்ந்து அது சரியா என்று பார்க்க வேண்டும். நுணுக்கமாகக் கேட்கப் பழகியவளுக்கு அங்கே இடம் இருக்கும் என்பது என் எண்ணம். அதற்காக இந்த ஒன்றையே நம்பி இரு என்று சொல்ல மாட்டேன். டைப்ரைட்டிங்கில் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் முடி. கீழ்க் கோர்ட்டில் சாட்சியம் நிறைய தமிழிலேயே பதிவாகிறது. தமிழை நேராகக் கம்ப்யூட்டரில் அடிக்கப் பழகு. டிகிரியை நிறுத்தாதே. குரூப் 4 அறிவிப்பு வந்தால் ஸ்டெனோ டைப்பிஸ்ட் பணிக்கும் சேர்த்தே விண்ணப்பம் போடு. பிற்பாடு சட்டம் படிக்க ஆசை வந்தால் இந்தக் காது அங்கேயும் உதவும்.

இன்ஸ்டிடியூட்டுக்குத் திங்கட்கிழமை போ. மாஸ்டரிடம் நேராகச் சொல், நூறில் நிற்கிறது, ஒரு நிமிட டிக்டேஷன் 120-இல் வாசியுங்கள் என்று. உன் பேட்ச்சில் உன்னைப் போலவே நிற்கிற பெண் ஒருத்தி கட்டாயம் இருப்பாள்; ஒருவருக்கொருவர் வாசியுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எனக்குப் போன் போடு. நான் வாசிக்கிறேன், எழுது. எழுதியதை உடனே எனக்குத் திரும்ப வாசித்துக் காட்ட வேண்டும், தடுமாறினாலும் சரி. பிப்ரவரித் தேர்வுக்கான பணத்தை உன் அப்பாவுக்கு அனுப்பியிருக்கிறேன். நோட்டு வாங்கும்போது மேலே ஸ்பைரல் போட்டதாகப் பார்த்து வாங்கு.

அன்புடன்,
அத்தை