மீட்டரிலிருந்து பார்த்தால்

2022 டிசம்பர் 5. கலிபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம். விரல் நுனியளவுள்ள ஓர் உலோகக் குழலுக்குள், மிளகைவிடச் சிறிய எரிபொருள் உருண்டை. 192 லேசர் கற்றைகள் குழலின் உட்சுவரைத் தாக்க, அங்கே எழுந்த எக்ஸ் கதிர்கள் உருண்டையை நசுக்கின. செலுத்தியது 2.05 மெகாஜூல், அணுக்கரு இணைவு தந்தது 3.15 மெகாஜூல். போட்டதைவிட அதிகம் கிடைத்துவிட்டது, இனி மின்சாரத்துக்குப் பஞ்சமில்லை என்று பலரும் நம்பினார்கள்.

கணக்கில் பிழையில்லை. ஆனால் அது லேசர் ஒளி குழலைத் தொட்ட பிறகு தொடங்கும் கணக்கு. அந்த லேசர்களை இயக்க மட்டும் சுமார் 300 மெகாஜூல் மின்சாரம் செலவானது. மீட்டரிலிருந்து பார்த்தால் திரும்பி வந்தது நூறில் ஒரு பங்கு. ஆய்வகத்தில் அதற்கு முன் யாரும் தொடாத சாதனை அது. அதற்காகவே அதை உள்ளபடி சொல்ல வேண்டும்.

பிரான்ஸில் எழும் ஈட்டர் உலைக்கும் இதே கதி. 50 மெகாவாட் செலுத்தி 500 மெகாவாட் எடுப்பது இலக்கு என்றதும் அது மின்சாரம் என்று எண்ணிவிடுகிறார்கள். அத்தனையும் வெப்பம். அங்கே டர்பைனே கிடையாது.

இத்தகைய உலை வெடித்துவிடும் என்ற அச்சம் தேவையற்றது. காந்தப்புலத்தால் பிடித்து வைக்கப்படும் மின்னூட்ட வாயுவான பிளாஸ்மாவின் வெப்பநிலை 15 கோடி டிகிரியைத் தொட்டாலும், உள்ளே இருக்கும் எரிபொருள் சில கிராம்தான். காந்தப் பிடி தளர்ந்தால் பிளாஸ்மா குளிர்ந்து அடங்கிவிடும். சுவர் சேதமாகலாம், சங்கிலி வினைக்கு வழியில்லை. அதற்காகக் கழிவே வராது என்பதும் சரியல்ல. வேகமாகப் பாயும் நியூட்ரான்கள் உலையின் எஃகையே கதிரியக்கம் உள்ளதாக மாற்றிவிடும்.

‘கடல்நீரே எரிபொருள்’ என்பது பாதி உண்மை. ஹைட்ரஜனின் கனமான வகையான டியூட்டீரியம் கடலில் ஏராளம். அதோடு சேர வேண்டிய இன்னொரு வகையான டிரிட்டியமோ 12.3 ஆண்டுகளில் பாதியாகத் தேய்ந்துவிடும். இயற்கையில் மிக அரிது. லித்தியத்தைக் கொண்டு உலைக்குள்ளேயே அதை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். முழு அளவில் யாரும் இன்னும் செய்து காட்டாத வேலை இது.

1955இல் ஜெனீவா அணுசக்தி மாநாட்டில் இந்திய அணு விஞ்ஞானி ஹோமி பாபா, இருபது ஆண்டுகளில் இணைவாற்றல் வசப்படும் என்றார். அது நடக்கவில்லை. அதைக் காட்டி, இத்துறை நின்ற இடத்திலேயே நிற்கிறது என்பது அநியாயம். இங்கிலாந்தின் ஜெட் உலை 1997இல் 22 மெகாஜூல் தந்தது; 2023இல், 0.2 மில்லிகிராம் எரிபொருளில், 69 மெகாஜூல். பிரான்ஸின் வெஸ்ட் உலை 2025 பிப்ரவரியில் பிளாஸ்மாவை 22 நிமிடங்கள் நிலைநிறுத்தியது. ஈட்டரில் டியூட்டீரியமும் டிரிட்டியமும் சேர்ந்து எரிய, இப்போதைய திட்டப்படி 2039 ஆகும்.