கல்பாத்திக்கு எத்தனை எழுத்து?

நம் கல்பாத்தி என்னும் பெயரில் எழுத்து எத்தனை, நண்பர்களே? ஐந்து என்பீர்கள். பைத்தான் மொழியின் ‘லென்’ கட்டளையோ 9 என்னும். யூனிக்கோடு முறையில் புள்ளி, துணைக்கால், மேல்விலங்கு ஒவ்வொன்றும் தனிக் குறியன்றோ!

இதனால் வரும் கேடு சிறிதன்று. சங்க உறுப்பினர் பட்டியலுக்குத் தலைப்பெழுத்து எடுக்கும் நிரலைச் செயற்கை அறிவு உதவியாளரிடம் கேட்டால், முதற்குறியை மட்டும் வெட்டியெடுக்கும் நிரல் கிடைக்கக்கூடும். சிவராமன் மகன் ‘ச’ ஆவான். கிருஷ்ணன் மகள் ‘க’ ஆவாள். நிரல் பிழையென்று முறையிடாது. சான்றிதழ் அச்சான பிறகே தெரியும். தந்தை பெயரைக் கெடுத்த பழி நமக்கு!

‘ரீஜெக்ஸ்’ தொகுப்பைத் தனியே நிறுவி, பின்சாய்கோடும் பேரெழுத்து எக்ஸும் சேர்ந்த குறியால் பெயரைப் பிரிக்கச் சொல்லுங்கள். கல்பாத்தி ஐந்தாகவே பிரியும். ஸ்ரீநிவாசன் மட்டும் ‘ஸ்’ என்று நிற்பார். அவரைக் கையால் திருத்துக.