பனியா, புகையா?

மலைப்பாங்கான ஸ்பிரிங்வெளிப் பக்கம் காற்றுத்தரம் அளக்கும் கருவி மாட்ட நினைப்பவர்களுக்கு முதல் தலைவலி பனிமூட்டம். மலிவான கருவிகள், லேசர் ஒளி தூசியில் பட்டுச் சிதறுவதை வைத்தே பிஎம் 2.5 என்ற நுண்தூசி அளவைக் கணிக்கின்றன. பனித்துளியும் ஒளியைச் சிதறடிக்கும். சுத்தமான காலையிலும் எண் எகிறும். ஈரப்பதம் அளக்கும் சென்சாரையும் சேர்த்தே வாங்குங்கள். ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டினால் தூசிக் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம்.

இஸ்தோப்புக் கூரையடியில், சாரல் படாமல், காற்றோட்டமாக மாட்டுங்கள். விறகடுப்புப் புகை வெளியேறும் பக்கம் வேண்டாம். ஊர்க்காற்றுக்குப் பதிலாக உங்கள் வீட்டில் ரொட்டி சுடும் நேரத்தைத்தான் அது காட்டும். (அடுப்படிப் புகையை அறிவதே நோக்கமென்றால் உள்ளேயே வையுங்கள். என்னைக் கேட்டால் அதுதான் முதல் வேலை.)

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் 2015இல் தொடங்கி, இன்று ‘சென்சார் கம்யூனிட்டி’ என்ற பெயரில் இயங்கும் உலக வரைபடத்தில் யாரும் தங்கள் கருவியை இணைக்கலாம். அதற்கு வழக்கமாகப் பயன்படும் ஈஎஸ்பி8266 பலகைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டுமே எட்டும், ரூட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நிமிட எகிறலுக்குப் பதறாமல் 24 மணிநேரச் சராசரியை எடுங்கள். உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2021 வழிகாட்டல் அளவு, கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம்.